கோதுமையை நிறுத்தியதும் வயிறு சரியானது. இனி டெஸ்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 34. சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி 9 வருடமாக டெல்லியில் இருக்கிறேன். இங்கே வந்த இரண்டாம் வருடத்திலிருந்தே வயிற்று உப்புசம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை வயிற்றுப்போக்கு. ‘ஐ.பி.எஸ்’ (குடல் எரிச்சல் கோளாறு) என்று சொல்லி மாத்திரை தந்தார்கள். ஹீமோகுளோபின் 8.2; இரும்புச்சத்து மாத்திரை எத்தனை மாதம் சாப்பிட்டும் 9-ஐத் தாண்டவில்லை. எடை 44 கிலோ. இந்தக் கோடையில் அம்மா வீட்டில் ஏழு வாரம் இருந்தேன். இட்லி, சோறு என்றே போனது, வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. டெல்லி திரும்பிய இந்த இரண்டு வாரமும் சப்பாத்தியைத் தொடவில்லை. டாக்டரிடம் சொன்னால், மறுபடியும் கோதுமை சாப்பிட்டு டெஸ்ட் எடுக்கவேண்டும் என்கிறார். நினைத்தாலே பயமாக இருக்கிறது. அது தேவைதானா? இன்னொன்று: கோதுமையை நிறுத்தியும் வாரத்தில் இரண்டு நாள் வயிறு ஊதிக்கொள்கிறது. வீட்டுச் சாப்பாடுதான். ‘ஒரு நாள் ஒரு சப்பாத்தி தின்றால் என்ன ஆகிவிடும்’ என்று மாமியார் கேட்கிறார். ஆறு வயது மகளுக்கும் சப்பாத்தியை நிறுத்திவிடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் டாக்டர் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது. கோதுமையை மறுபடி தொடாமலே, இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ‘டி.டி.ஜி ஐ.ஜி.ஏ’ என்று பெயர். அதோடு ‘மொத்த ஐ.ஜி.ஏ’ அளவையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் கோதுமையை விட்டு ஒன்பது வாரம்தான் ஆகிறது. கோதுமையில் உள்ள ஒரு புரதத்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதுதான் சீலியாக் நோய். அது இருந்தால் ரத்தத்தில் ஏறியிருக்கும் எதிர்ப்பொருளைத்தான் இந்த டெஸ்ட் தேடுகிறது; அது ஒரே நாளில் இறங்காது. மாதக்கணக்கில் மெல்லக் குறையும். ஆரம்பத்தில் அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு ஒன்பது வாரத்துக்குப் பின்னும் அது பிடிபட நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடப் போட வாய்ப்பு குறையும்.

மொத்த ஐ.ஜி.ஏ எதற்கு என்று லேபில் கேட்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ என்ற எதிர்ப்பொருள் உடலில் மிகக் குறைவு. அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் முதல் டெஸ்ட் ‘நெகட்டிவ்’ என்றே வரும். மொத்த அளவு குறைவு என்று தெரிந்தால், ஐ.ஜி.ஜி வகை டெஸ்டுக்கு மாறவேண்டும்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். சாப்பிட்டால் கெடுகிறது, விட்டால் சரியாகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு உலகுக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் 1930-களிலிருந்தே கோதுமை மீது சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைப்பதே அரிதாயிற்று. சீலியாக் குழந்தைகள் அப்போது தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் அவர் தன் ஆய்வேட்டை முடித்தார். உங்களுக்கு கும்பகோணத்து ஏழு வாரம் காட்டியதும் அதே அடையாளம்தான். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கோதுமையை விட்டதும் வயிறு தேற வேறு காரணங்களும் உண்டு. கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் தவிர, ஃபிரக்டான் என்ற ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். ஐ.பி.எஸ் உள்ளவர்களில் பலருக்கு உப்புசம் வருவது இதனால்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் அது இருக்கிறது. இவர்களுக்கு அரைச் சப்பாத்தி தொந்தரவு தராமல் போகலாம். குடலுக்கு நிரந்தரச் சேதமும் கிடையாது. சீலியாக் என்றாலோ, கண்ணுக்குத் தெரியாத மாவுத்தூள்கூட ஆகாது, அதுவும் ஆயுள் முழுக்க. உங்கள் மகளும் உடன்பிறந்தவர்களும்கூட டெஸ்ட் எடுக்கவேண்டும். எலும்பு, தைராய்டு எல்லாம் பார்க்கவேண்டும். ஃபிரக்டான் தொந்தரவுக்குத் தனித் தோசைக்கல் வேண்டாம், சீலியாக்குக்கு அது இல்லாமல் முடியாது. எது உங்களுக்கு என்று தெரியாமல் வாழ்நாள் முழுக்க அரைகுறைப் பத்தியம் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

என் சந்தேகம் சீலியாக் பக்கம் சாய்வதற்குக் காரணம் உங்கள் வயிறு அல்ல, உங்கள் ரத்தம். ஐ.பி.எஸ் இரும்புச்சத்தைக் குறைக்காது, எடையையும் இறக்காது. நாம் சாப்பிடும் இரும்பு பெரும்பாலும் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. குளூட்டன் கிளப்பிவிடும் எதிர்ப்புச் சக்தி முதலில் தாக்குவதும் அந்த இடத்தைத்தான். அங்கே வெல்வெட் துணிபோல் நின்றுகொண்டிருக்கும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தரைமட்டமாகிவிட்டால், மாத்திரை உள்ளே போய் அப்படியே வெளியே வரும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் 9-ஐத் தாண்டாத ஹீமோகுளோபினுக்கு இந்த டெஸ்டைக் கேட்டே ஆகவேண்டும். மாதவிடாய் மிகுதி, மூலம், குடற்புழு போன்ற ரத்தம் இழக்கும் வழிகளையும் டாக்டர் பார்த்திருப்பார். இல்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

‘இது வடக்கத்தியர் நோய், நமக்கெல்லாம் வராது’ என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வட இந்தியாவில் 100 பேருக்கு 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 என்று வந்தது. ஆனால் இந்த நோய்க்கு அடிப்படையான மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கும் சற்று மேல். பெரிதாக வேறுபட்டது கோதுமையின் அளவு: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணிடமும் அந்த மரபணு இருக்கலாம். டெல்லிக்குப் போய் இருவேளை சப்பாத்தி என்று மாறிய பின் அது விழித்துக்கொள்வதில் வியப்பில்லை. தெற்கே அரிதாக இருப்பதால் பலருக்கு இந்த டெஸ்ட் நினைவுக்கே வராமல் போகிறது. நீங்கள் வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் என்ன? ‘பாசிட்டிவ்’ என்றால் கோதுமையை மறுபடி சாப்பிடும் பேச்சே வேண்டியிருக்காது. நேராக எண்டோஸ்கோபிக்குப் போகலாம். பெரியவர்களுக்குக் குடல் ஆற மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். ஆகவே ஒன்பது வாரத்தில் தடயம் அழிந்துவிடாது. எண்டோஸ்கோபி செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: சீலியாக் சந்தேகம், எனவே முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது 4 துணுக்குகளும், அதன் தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும் எடுக்கவேண்டும் என்று. சேதம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஒரே ஒரு துணுக்கு எடுத்து ‘நார்மல்’ என்று எழுதிவிட்டால் நீங்கள் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். கண்ணுக்குக் குடல் நன்றாகத் தெரிந்தாலும் துணுக்கு எடுக்கத்தான் வேண்டும்.

பயாப்சியை, அதாவது இந்தத் துணுக்குப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் தவறு. நம் நாட்டில் உறிஞ்சிகள் தேய வேறு காரணங்களும் உண்டு. வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்றொரு நோய் அச்சாக இதே படத்தைக் காட்டும்; வேலூரில் பல ஆண்டுகள் ஆராயப்பட்ட நோய் அது. அதற்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கும்தான் மருந்து, கோதுமையை விடுவது மருந்தாகாது. ஜியார்டியா ஒட்டுண்ணியும் இப்படி ஏமாற்றும். இரவுக் காய்ச்சலும் வயிற்றுவலியும் இருந்தால் குடல் காசநோயையும் பார்க்கவேண்டும். அதனால்தான் ரத்தம், துணுக்கு, பத்தியத்துக்குப் பின் தேறுவது என மூன்றும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லவேண்டும்.

ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்றால், உடனே சப்பாத்திக்குத் திரும்பவேண்டாம். எச்.எல்.ஏ டி.க்யூ 2, டி.க்யூ 8 என்ற மரபணு டெஸ்டை ஒரு முறை எடுங்கள். செலவு கொஞ்சம் கூடுதல். ஆனால் கோதுமை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முடிவு மாறாது. அந்த இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று கதவைச் சாத்திவிடலாம். இருக்கிறது என்று வந்தால் நோய் இருப்பதாக அர்த்தமில்லை. மூன்றில் ஒருவருக்கு இருப்பதுதானே. அப்போதுதான் டாக்டர் சொன்ன ‘மறுபடி சாப்பிடும்’ பரிசோதனை.

அதைப் பயப்படும்படியாகச் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 3 கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான். 30 கிராம் ஆட்டாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 2.5 கிராம் இருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று போதும். குறைந்தது இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கவேண்டும்; முடிந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம். சப்பாத்தி பிடிக்கவில்லை என்றால் ரவை உப்புமா. முதல் மூன்று நாள் பாதி அளவில் தொடங்கலாம். இடையில் தாங்கமுடியாமல் போனால் நீங்களே நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லி, அன்றைக்கே ரத்தத்தையும் எண்டோஸ்கோபியையும் முன்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். கர்ப்பம் தரித்திருக்கும் வாய்ப்பு இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம். 44 கிலோவிலிருந்து இன்னும் இரண்டு கிலோ இறங்கினாலும் நிறுத்தச் சொல்வேன். தொடங்குமுன் ஒரு முறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, கோதுமையை நிறுத்தியும் வாரத்தில் இரண்டு நாள் ஊதிக்கொள்ளும் வயிறு. சீலியாக் என்றே வைத்துக்கொண்டு உங்கள் சமையலறைக்குள் போவோம்.

முதலில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவைக் கையில் எடுங்கள். லேபிளில் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று இருக்கும். பெருங்காயப் பால் மிகவும் காரமானது, தனியாகப் போட்டால் சாம்பாரே கசந்துவிடும். அதனால் பசையும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை அல்லது மைதா. ஒரு சிட்டிகை அரை கிராம், அதில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டால் சுமார் 20 மில்லிகிராம் குளூட்டன். நாலு பேர் சாப்பிடும் சாம்பாரில் உங்கள் பங்கு 5. அதோடு ரசம், மோர், பொரியல் தாளிப்பு என்று மூன்று இடத்தில் விழுந்தால் 15 முதல் 20. சீலியாக் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் சேதமில்லை என்றும், தினம் 50 மில்லிகிராம் தொடர்ந்து போனால் குடல் கெடும் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் சோறும் சாம்பாரும் மட்டுமே தின்று பத்தியம் இருக்கும் நாளிலேயே எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது. லேபிளைப் படித்து அதை வாங்குங்கள். கிடைக்கும்வரை பெருங்காயத்தையே விட்டுவிட்டு, சீரகமும் இஞ்சியும் கூடுதலாகப் போட்டுத் தாளியுங்கள். கட்டிப் பெருங்காயம் எல்லாம் சுத்தமானது என்று நினைக்கவேண்டாம், அதிலும் மாவு உண்டு.

மாமியாருக்கும் இதே கணக்கைச் சொல்லலாம். ஒரு சப்பாத்தியில் 2,500 மில்லிகிராம். பாதுகாப்பான 10 என்பது அந்தச் சப்பாத்தியை 250 துண்டாகக் கிள்ளினால் ஒரு துண்டு. ஒரு நாள் ஒரு சப்பாத்தி என்பது 250 நாள் பங்கை ஒரே வேளையில் தின்பது. அவர் உங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார். டெஸ்ட் முடிவு கையில் இருந்தால் வாக்குவாதமே இருக்காது; அதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது, தெம்பு வருவதற்காக உங்களுக்குக் கொடுக்கப்பட்டவை. இரத்தம் குறைந்தவர்களுக்கு நம் வீடுகளில் அன்போடு ஆற்றித் தருவது சத்துமாவுக் கஞ்சியும் ஹார்லிக்ஸும். சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை இருக்கும், பார்லியும் சேர்ப்பதுண்டு. ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா எல்லாவற்றிலும் மால்ட் இருக்கிறது. மால்ட் என்பது முளைகட்டிய பார்லியிலிருந்து அல்லது கோதுமையிலிருந்து வருவது. ‘ரத்தம் ஊறும்’ என்று கோதுமைப்புல் சாறு குடிக்கச் சொல்லியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். புல்லோடு விதை கலந்திருந்தால் போதும், வினை வந்துவிடும். சம்பா கோதுமை நல்லது, பழைய ரகம், அது ஒன்றும் செய்யாது என்றும் யாராவது சொல்வார்கள். சம்பா கோதுமையும் கோதுமையே. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் வறுத்தாலும் குளூட்டன் போகாது. ரவை, சேமியா, மைதா, உடைத்த கோதுமை எல்லாம் அதே தானியத்தின் வேறு வேறு வடிவம். திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டுவதுதான்.

மூன்றாவது, மாவு அரைக்கும் இடம். நீங்கள் வாங்கும் கடலை மாவும் கேழ்வரகு மாவும் சோள மாவும் இயல்பில் குளூட்டன் இல்லாதவை. ஆனால் டெல்லியில் தெருமுனைச் சக்கியில் உங்களுக்கு முன்னால் பத்துக் கிலோ ஆட்டா அரைத்திருப்பார்கள். கல்லுக்கு அடியில் தங்கிய மாவு முழுக்க உங்கள் பையில் விழும். ஊரில் அரவை மில்லிலும் இதே கதைதான். தானியத்தை முழுசாக வாங்கிக் கல்லும் வேற்றுத் தானியமும் பொறுக்கி, இரண்டு முறை கழுவி, துணியில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அரிசி மாவுக்குப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கையில் ஒட்டாத ஈரத்தில் அரைத்துச் சலித்து, வாணலியில் லேசாக வறுத்தால் இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் ஆகும். சலிப்பதற்குப் புதுச் சல்லடை வாங்குங்கள். பழைய சல்லடையின் கண்ணில் ஆட்டா ஒளிந்திருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. ஓட்ஸிலும் இதே சிக்கல்: வயலிலும் ஆலையிலும் கோதுமை கலக்கிறது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பாக்கெட் தவிர வேறு ஓட்ஸ் வேண்டாம்; அதையும் முதல் ஆறு மாதம் தொடாமல் இருப்பது நல்லது.

பாக்கெட் வாங்கும்போது இரண்டு இடம் பாருங்கள். ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. அந்த வாசகம் இல்லாத பாக்கெட்டில், பொருள்பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கும். ‘கோதுமை உள்ளது’, ‘பார்லி உள்ளது’ என்று கண்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. வீட்டில் ஃபிரைடு ரைஸ் செய்து உப்புசம் வந்த நாள் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, கணவருக்கும் மாமியாருக்கும் நீங்களே இடும் சப்பாத்தி. அதை நிறுத்தச் சொல்லமாட்டேன்; வீடு ஓடவேண்டுமே. ஆனால் உலர்ந்த ஆட்டாவைக் கொட்டும்போது பறக்கும் தூள் அடுப்படி முழுக்கப் படியும். உங்கள் சமையலை முதலில் முடித்து மூடி வைத்துவிட்டு, பிறகு மாவு பிசையுங்கள். முடிந்தால் பிசைவது வேறொருவர் கையாக இருக்கட்டும். தோசைக்கல், பூரிக்கட்டை, மரக்கரண்டி, சல்லடை, இட்லித்துணி இவை உங்களுக்குத் தனி. ஓரத்தில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். இரும்புக்கல்லில் எண்ணெய் ஏறி ஏறி மெழுகுபோல் படிந்திருக்கும், அதில் சப்பாத்தி மாவு கலந்து கிடக்கும். சோப்பு போட்டால் கல்தான் கெடும், மாவு போகாது. எவர்சில்வர் பாத்திரத்துக்கும் கண்ணாடிக்கும் இந்தக் கவலை வேண்டாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் உங்களுக்கு அப்பளம் பொரிக்கக்கூடாது. மாவு கையோடு உப்பு ஜாடியில் கைவிடும் பழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. உப்புக்கு ஒரு கரண்டி போட்டுவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் உப்புசம் வந்தால், பாலைச் சந்தேகப்படுங்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி அந்த உறிஞ்சிகளின் நுனியில்தான் உற்பத்தியாகிறது. உறிஞ்சி தேய்ந்தால் நொதியும் போகும். பத்தியம் தொடங்கி இரண்டு மூன்று மாதம் காபி, பால், பாயசத்தைக் குறைத்துத் தயிரும் மோரும் சாப்பிடுங்கள். பிறகு அரை டம்ளர் பாலில் தொடங்கிப் பார்க்கலாம். குடல் ஆறியிருந்தால் பலருக்குப் பால் திரும்ப ஒத்துக்கொள்ளும். பாலைக் குறைக்கும் காலத்தில் சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு கைகொடுக்கும், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். ஆனால் முதல் மாதமே கேழ்வரகும் கம்பும் கொண்டைக்கடலையும் என்று இறங்கிவிடாதீர்கள். புண்பட்ட குடலுக்கு நார்ச்சத்து அதிகமானால் அதுவே ஊதவைக்கும். முதல் நாலு வாரம் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்பு, முட்டை, மீன், வெந்த காய். பிறகு வாரத்துக்கு ஒரு சிறுதானியம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். சேர்க்காமலே வெள்ளைச் சோற்றில் நின்றுவிட்டால் ஆறு மாதத்தில் மலச்சிக்கலும், தேவையில்லாத இடத்தில் எடையும் வந்து சேரும்.

டெல்லிக் குளிரில் சூடான ரொட்டிக்கு மனம் ஏங்கும். சோள ரொட்டி பழகிக்கொள்ளுங்கள், அங்கே ஜோவர் என்று கேட்டால் தருவார்கள். மக்காச்சோளம் வேறு, இது வெள்ளைச் சோளம். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை தண்ணீர், உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மாவைக் கொட்டிக் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசையவேண்டும். கோதுமை மாவை இழுத்துப் பிடிப்பது குளூட்டன். இதில் அது இல்லாததால், கொதிநீரில் பாதி வெந்த மாவுச்சத்துதான் பசையாக நின்று பிடிக்கிறது. அதனால் வெதுவெதுப்பான நீரில் பிசைந்தால் உதிரும். உருண்டையை வாழையிலை அல்லது ஈரத்துணியில் வைத்துத் தட்டி, கல்லில் போட்டதும் மேற்பரப்பில் ஈரக்கையால் ஒரு தடவு தடவுங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது மாவு ஆறிவிட்டது. தட்டும்போதே விண்டுபோனால் மாவு பழசு.

வெளியில் சாப்பிட நேர்ந்தால் ஓட்டல் தோசையைவிட இட்லி மேல். அதே கல்லில்தான் ரவா தோசையும் சப்பாத்தியும் போயிருக்கும். இட்லியிலும் ரவை கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாம்பார், சட்னித் தாளிப்பில் பெருங்காயம் இருக்கும், ஆகவே தயிர்தான் துணை. கோபி 65, கெட்டிக் குருமா, வெஜிடபிள் சூப் இவற்றில் மைதா வரும். கல்யாணப் பந்தியில் போளியையும் சேமியாப் பாயசத்தையும் விட்டுவிடுங்கள். அரிசிப் பாயசமும் பருப்புப் பாயசமும் ஆகும், ஆனால் பந்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி போகிறதா என்று ஒரு கண் வையுங்கள். தட்டை, முறுக்குகூடக் கடையில் மைதா சேர்த்துப் பிசைவதுண்டு. வீட்டில் சுட்டால் அரிசியும் உளுந்தும்தான். ரயிலில் இரண்டு நாள் என்றால் புளியோதரையைப் பெருங்காயம் இல்லாமல் கட்டிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் புது மாத்திரை வாங்கும்போது கோதுமை மாவுச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி; அரிதுதான், இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

சீலியாக் என்று உறுதியானால் அன்றைக்கே இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டுக்கு டி.எஸ்.எச், எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடவேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு, வெறும் வயிற்றில். டீ, காபி, பால் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. வயிறு தாங்காவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், உடல் எடுத்துக்கொள்வதில் பெரிய குறை வராது. அதுவும் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் 8.2-க்கு நான் நீண்ட நாள் காத்திருக்கமாட்டேன். வயிற்றுப்போக்கு சில வாரத்தில் நிற்கும், டி.டி.ஜி அளவு இறங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் அல்லது மேலும் ஆகும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பாருங்கள். இறங்காமல் நின்றால் நூற்றுக்குத் தொண்ணூறு எங்கோ மாவு நுழைகிறது என்று அர்த்தம். அப்போது மறுபடி பெருங்காய டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

எல்லா டெஸ்டும் ‘இல்லை’ என்று வந்தாலும் உங்கள் வயிறு பொய் சொல்லவில்லை. கோதுமையைக் குறைத்து, வெங்காயம், பூண்டை ஆறு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எந்த அளவில் தொந்தரவு தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். அந்த வழியில் சிவப்பு நூல் கட்டிய தோசைக்கல் தேவைப்படாது. இரத்தச்சோகைக்கு மட்டும் வேறு காரணம் தேடியே தீரவேண்டும்.

மகளுக்குச் சப்பாத்தியை இப்போது நிறுத்தவேண்டாம். உங்களுக்குச் சீலியாக் என்று உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் பத்தில் ஒருவர் வரை அது இருக்க வாய்ப்புண்டு. வயிற்றுத் தொந்தரவே இல்லாமல், உயரம் ஏறாமல் நிற்பது மட்டும் அடையாளமாக இருக்கலாம். பள்ளியில் எடுத்த உயரம், எடைக் குறிப்புகளைத் தேடி எடுத்து வையுங்கள். அவளுக்கும் அதே டி.டி.ஜி ஐ.ஜி.ஏ, மொத்த ஐ.ஜி.ஏ, ஒரு ஊசிக்குத்துதான். ஆனால் அவள் தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு. உங்கள் ரிப்போர்ட் வந்து, அவள் ரத்தம் கொடுத்து முடிக்கும்வரை அவள் டிபன் டப்பாவில் சப்பாத்தி இருக்கட்டும்.